நீ கேட்ட ஒரு மாதம்

அன்புத் தங்கச்சிக்கு,

ஆய்வேட்டை முடிக்க ஒரு மாதம் அவகாசம் கேட்டு நீ எழுதிய மனு நேற்று குழுவின் முன் வந்தது. முதுகலைப் படிப்பை ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. படுத்த படுக்கையான அம்மாவை இரண்டு வருடமாக நீ ஒருத்தியே பார்த்துக்கொள்வதைத் தத்துவப் பேராசிரியர் எடுத்துச் சொன்னார். நான் எட்டிப் பார்க்காததைச் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

"பாவம்மா, ஒரு மாசந்தானே, குடுத்துடலாமே?" என்றார்.

"என் தங்கச்சிங்கிறதுக்காக விதிய வளைக்க முடியாது சார்" என்றேன். துறைத்தலைவியான என் நேர்மையை எல்லோரும் பாராட்டினார்கள். மாணவர் பட்டியலிலிருந்து உன் பெயரை நானே அடித்தேன்.

அழாதே. படித்த படிப்பு எங்கே போய்விடும்?

நீ எழுதி முடிக்கட்டும் என்று அந்த ஒரு மாதத்துக்கு அம்மாவுக்கு நான் பேசிவைத்திருந்த நர்ஸை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் நலம் நாடும்
அக்கா