பேர் எழுதாத பாதம்

அன்பு மகளே,

அப்பாவோட நாற்பதாம் நாள் பூசை முடிஞ்சு, குவைத்திலிருந்து வந்த அவர் பெட்டியைத் திறந்தேன். செருப்பு வாங்க உன் பாதத்தையும் தம்பி பாதத்தையும் வருசா வருசம் தாளில் வரைஞ்சு அனுப்பச் சொல்வாரே, அத்தனையும் பேரும் தேதியும் போட்டு வச்சிருக்கார். என்கிட்ட மட்டும் அளவே கேட்டதில்லை. "உனக்குக் கண்ணளவு போதும்"னு சொல்வார்.

அடியில் பேரில்லாமல் ஒரு பொம்பளைப் பாதம். ரெண்டு நாளா அவர் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்தலை.

இன்னைக்கு நடவு முடிஞ்சு வந்தப்ப, சிமெண்டுத் தரையில் பதிஞ்ச என் சேத்துக்காலைப் பார்த்தேன். அதே வளைஞ்ச சுண்டுவிரல். கழுவித் துடைச்சுத் தாள்மேல வச்சேன். இம்மி பிசகலை.

நீ வரைஞ்சு குடுத்தியா? இல்லே, லீவுல வந்தப்ப நான் தூங்கையில் அவரே வரைஞ்சாரா? கண்ணளவாம், பொய்க்கார மனுசன்!

மெழுகுவர்த்தி ஏத்திட்டுத்தான் எழுதுறேன்.

உன் அம்மா