தூக்காத கை

உன் நோட்டில் இன்னும் கட்டிங் ஆயில் வாசனை அடிக்கிறது. லேத் பட்டறையில் ஷிஃப்ட் முடிந்ததும் கையைச் சரியாகக் கழுவாமல் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவாய். அந்த விரல்களின் கறை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

போன வாரம்தான் மேனாம்பேட்டில் உன் வீட்டுக்குப் போனேன். நீ போய் மூன்று மாதம் கழித்து வருகிறவனை உன் மனைவி செல்வி கோபிக்காமல் உட்காரவைத்து, டீ கொடுத்து, இதைக் கையில் வைத்தாள். "அவரு ரெஃப்ரியா நின்ன மேட்ச்செல்லாம் இதுலதான் எழுதிகீறாரு. ஊட்ல வெச்சுகினு நான் இன்னா பண்ணப் போறேன்? நீங்களே வெச்சுக்கோங்கண்ணா." வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தபடியே அந்த ஒரு ஆட்டத்தின் பக்கத்தைத் தேடினேன்.

எங்கள் அடுக்குமாடி அணிக்கும் உங்கள் பட்டறைக்காரர்கள் அணிக்கும் நடந்த கால்பந்து இறுதி ஆட்டம். நான்தான் எங்கள் கோல்கீப்பர். உன்னை நடுவராகப் போட எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்ககூடவே வேலை பாக்குற ஆளு, நமக்கு எப்படிண்ணே நியாயமா விசில் ஊதுவாரு?" என்றான் தடுப்பாட்டக்காரன் மணி. நான்தான் உனக்காகச் சண்டை போட்டேன். நீ என்னிடம் சொன்னதும் நினைவிருக்கிறது: "மாமே, நீ சொன்னியேன்னு வர்றேன். ஆனா கிரவுண்டுல எனக்கு நீயும் ஒண்ணுதான், எவனும் ஒண்ணுதான்."

ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டோ மூன்றோ நிமிடம். மணி காலால் எனக்குப் பந்தைத் திருப்பித் தள்ளினான். எதிராளி பாய்ந்து வருவதைப் பார்த்த பதற்றத்தில், பெரிய கட்டத்தின் விளிம்பில் அதைக் கையால் எடுத்துத் தொலைத்தேன். தன் ஆள் காலால் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ விசில் ஊதினாய். இன்டைரக்ட் ஃப்ரீ கிக்.

அந்த விதியை டீக்கடை மேசையில் இரண்டு கிளாஸை நகர்த்தி நகர்த்தி எத்தனை முறை எனக்கு விளக்கியிருப்பாய்! "அடிச்ச பந்து இன்னொருத்தன் மேல பட்டு உள்ள போனாதான் கோலு. நேரா பூந்தா கோல் இல்ல, உனக்கு கோல் கிக்கு. அதுக்கு அடையாளமாத்தான் ரெஃப்ரி கையத் தூக்கிகினு நிக்கணும். தூக்க மறந்து, பந்து நேரா உள்ள பூந்துச்சுனா திரும்ப அடிக்கணும். ரெஃப்ரி பண்ண தப்புக்கு அடிச்சவன் இன்னா பண்ணுவான்?"

மணி உன் மூஞ்சிக்கு நேரே வந்து கத்தினான். நீ மஞ்சள் அட்டையைக் காட்டினாய். ஒரு கையில் இந்த நோட்டு, மறு கையில் பென்சில், வாயில் விசில். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, எழுதிக்கொண்டே ஊதிவிட்டாய். எங்கள் தடுப்புச் சுவரின் தலைக்கு மேல் பந்து வளைந்து வந்தது. நான் தாவியிருந்தால் விரல் நுனியாவது பட்டிருக்கும். பட்டிருந்தால் கோல். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பந்து என்னைக் கடந்து வலையில் விழுந்தது. "கோல் கிக்!" என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள்.

நீ மட்டும் அசையாமல் நின்றாய். உன் கையில் இருந்த நோட்டையே பார்த்தாய். பிறகு நேராக என்னிடம் வந்தாய். இரண்டு அணியும் சுற்றி நின்றது.

"மாமே, நீ என்னப் பாத்துகினுதான இருந்த? கை தூக்குனேனா?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ கையைத் தூக்கவில்லை.

"தூக்குனியே. நல்லாத் தூக்குன," என்றேன்.

எத்தனை நொடி என் முகத்தைப் பார்த்தாய் என்று தெரியாது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "கை தூக்கல. என் தப்பு. திரும்ப அடி," என்று பந்தை அதே இடத்தில் வைத்தாய். இந்த முறை கையை உயரத் தூக்கி நின்றாய். ஒருவன் பந்தை லேசாகத் தட்டிவிட, இன்னொருவன் அடித்தான். கோல். தோற்றோம்.

தோற்றது போகட்டும், அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? "கை தூக்குனதக் கீப்பரே பாத்திருக்காரு. இந்தாளு தன் ஆளுங்களுக்கு ஆட்டத்தத் தூக்கிக் குடுத்துட்டான்," என்று மணி ஊரெல்லாம் சொன்னான். அதன்பிறகு எங்கள் பக்கத்தில் எந்த ஆட்டத்துக்கும் உன்னைக் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பெரிய யோக்கியன் மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீயும் கேட்கவில்லை. வழக்கம்போல் டீக்கடைக்கு வந்தாய், உலகத்தில் உள்ள அத்தனையும் பேசினோம், அதைத் தவிர. நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். ஒரு காலை ஷிஃப்டில் நீ மெஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டாய்.

அந்தப் பக்கத்தில் என்னைத் திட்டி ஏதாவது எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இன்டைரக்ட். கை தூக்கல. திரும்ப அடிக்க வெச்சேன். கீப்பரக் கேட்டிருக்கக் கூடாது. அவன் டீமு ஆச்சே, பாவம், இன்னா சொல்லுவான்? அதுவும் என் தப்பு."

பைக்கிலேயே அழுதேன்டா.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூரில் அதே இரண்டு அணிகளுக்கும் ஆட்டம் இருந்தது. தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து இந்தப் பக்கத்தைப் படித்தேன். "அன்னைக்கு அவன் கை தூக்கல. நான் பார்த்தேன். பொய் சொன்னது நான்," என்றேன். மணிதான், "இத அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்லண்ணே," என்றான். நோட்டை மூடிவிட்டு விசிலை எடுத்தேன்.

அன்று நடுவர் நான். இரண்டாம் பாதியில் ஒரு இன்டைரக்ட் வந்தது. நோட்டைப் பையில் போட்டேன், கையைத் தூக்கினேன், பிறகுதான் ஊதினேன். அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்து முள்வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஒருவன் எடுக்க ஓடினான்.

"அண்ணே, பந்து வெளிய போயிருச்சு. கைய எறக்குங்க," என்றான் மணி.

உடனே இறக்க முடியவில்லை.