கடைசி மதகின் எண்

சிவப்பு எழுத்தில் ஒரு வரி. 'கோப்பு கிடைக்கவில்லை.' நாகூரிலிருந்து ஜரினா என்ற பெண் தன் லேப்டாப் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். உன் செயலியில் வேலை செய்யப் புதிதாக வந்திருப்பவள். கீழே ஒரு கேள்வி: "அக்கா, நீங்க எழுதி வச்சபடிதான் எல்லாம் பண்ணேன். இந்த ஃபைல் எங்க இருக்கு?"

அந்த நிறுவும் குறிப்பை நான் எழுதி வைக்கவில்லை. நீ எழுதினாய். நான் எழுத வேண்டிய ஒரு பகுதி மட்டும் அதில் காலியாக இருக்கிறது.

அந்தச் சிவப்பு வரியை முதலில் பார்த்தவள் நான்தான். தஞ்சாவூரில், நம் விடுதி அறையில். உன் செயலியை என் கணினியில் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் தன் மதகுக்கு வந்ததும் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பினால், அடுத்த மதகுக்காரருக்குத் தகவல் போகும். அவர் அனுப்பினால் அதற்கடுத்தவருக்கு. அவ்வளவுதான் செயலி. திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் வளர்ந்த உனக்குத்தான் அது தோன்றியது. எங்கள் வீட்டில் நிலம் இருந்த காலத்திலும் தண்ணீருக்காக யாரும் காத்திருந்ததில்லை. எங்களுடையது வாய்க்காலின் தலைமடை.

நிரல் முழுவதையும் பொதுவில் வைத்திருந்தாய். யாரும் எடுத்து ஓட்டலாம், திருத்தலாம். ஒரு கோப்பைத் தவிர. பதினொரு மதகுகள், எதற்குக் கீழே எது, ஒவ்வொன்றுக்கும் யாருடைய தொலைபேசி எண்.

"எங்க ஊர்க்காரங்க நம்பர ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டுவேனாடி நான்?" என்றாய். பென் டிரைவை என் மடியில் போட்டாய். "நீ காப்பி பண்ணிக்க. ஆனா புதுசா வர்றவங்களுக்குப் பொய் நம்பர் போட்டு ஒரு மாதிரி ஃபைல் வேணும். அத எப்படிச் செய்யறதுன்னு நீ எழுது."

"நீயே எழுதேன்."

"எனக்கு எல்லாம் தெரியும்டி. தெரிஞ்சவ எழுதுனா எதையாவது முழுங்கிடுவா. உனக்கு எங்க இடிக்குதோ அங்க எழுது."

எழுதுகிறேன் என்றேன். மூன்று வருடம். கணினி மாற்றினேன். வேலை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புக்காக உனக்கு ஃபோன் செய்தேன். "இன்னுமா எழுதல மகாராணி?" என்பாய். அனுப்பிவிடுவாய். பிறகு ஒரு மணி நேரம் வேறு ஏதேதோ பேசுவோம்.

எழுதாமல் இருந்ததில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஐப்பசியில் உனக்குக் காய்ச்சல். ஐந்து நாள். ஆறாம் நாள் நீ இல்லை.

சர்வர் உன் பெயரில் இருந்தது. கடவுச்சொல் உன்னிடம். பணம் கட்ட ஆளில்லாமல் மார்கழிக்குள் அது நின்றுவிட்டது. உன் லேப்டாப்பையும் யாராலும் திறக்க முடியவில்லை. அந்தக் கோப்பின் என் கடைசிப் பிரதி பழைய கணினியோடு போயிருந்தது. இன்னும் சில நாளில் மேட்டூர் அணையைத் திறக்கப் போகிறார்கள். அதற்குள் செயலி ஓடவில்லையென்றால் உன் ஊர் மறுபடியும் தண்ணீர் வருகிறதா என்று ஆள் மாற்றி ஆள் கரையில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா வெயிலில் வாய்க்கால் கரையோடு என்னை நடத்திக் கூட்டிப்போனார். ஒவ்வொரு மதகிலும் நின்று பெயர் சொன்னார், எண் சொன்னார். நான் நோட்டில் எழுதினேன். பத்து முடிந்தது.

"கடைசி மதகுக்கு யார் நம்பர்ப்பா?"

அவர் காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னார். "அவ நம்பர்தான். நான் மெசேஜெல்லாம் பாக்கறதில்லம்மா. மெட்ராஸ்ல அவளுக்குப் போகும். அங்கேருந்து அவ எனக்கு ஃபோன் போடுவா." பிறகு, "என்னோடதப் போட்டுக்க. பாத்துப் பழகிக்கிறேன்," என்றார்.

மறுநாள் காலை தஞ்சாவூரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவினேன். நோட்டிலிருந்த பதினொரு வரியையும் கோப்பில் ஏற்றினேன். சிவப்பு வரவில்லை. அந்த மகிழ்ச்சியில், பத்தாம் மதகுக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கொடுத்துப் பார்த்தேன். 'செய்தி சென்றது' என்றது திரை.

அரை மணி நேரத்தில் உன் அப்பா அழைத்தார். மூச்சு வாங்கியது.

"கரையில நிக்கிறேம்மா. ஒரு சொட்டு இல்லியே. பத்தாவது மதகு வரைக்கும் ஓடிப் பாத்துட்டேன்."

பொய் எண் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உனக்குத் தெரிந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்கப்பா. ஓடுதான்னு பாத்தேன். நெஜ நம்பர்லயே பாத்துட்டேன்."

"அட, அதுக்கென்ன." பிறகு, "அந்த மெசேஜ்ல இருக்கறது அவ எழுதுனதாம்மா?"

"ஆமாம்ப்பா."

"'தண்ணி வந்துடுச்சு, மம்பட்டிய எடுங்க.' ஃபோன்லயும் இதேதான் சொல்லுவா. நெசமா தண்ணி வர்றப்பவும் இதுதானே வரும்?"

"இதேதான்ப்பா வரும்."

"சரிம்மா. வச்சிடறேன்."

அன்று அந்தக் காலிப் பகுதியை எழுதினேன். எனக்கு இடித்த இடம் ஒவ்வொன்றையும். பதினொரு பொய் எண்களோடு மாதிரிக் கோப்பையும் சேர்த்தேன். உண்மையான எண்களில் சோதிக்கக் கூடாது, மனிதர்கள் ஓடி வருவார்கள் என்றும் எழுதினேன். இனி இதைக் கேட்க யாரும் யாருக்கும் ஃபோன் செய்ய வேண்டியதில்லை.

ஜரினாவின் கணினியில் செயலி ஓடியது. மாலையே தன் முதல் திருத்தத்தை அனுப்பினாள். செய்தியின் வாசகத்தை மாற்றியிருந்தாள். 'நீர் வந்தடைந்தது.' கூடவே, "இது கொஞ்சம் மரியாதையா இருக்கும்ல அக்கா?"

வேண்டாம், பழையதே இருக்கட்டும் என்று பதில் போட்டேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறாள். அதை மட்டும் நான் எங்கும் எழுதி வைக்கப் போவதில்லை. என்னிடமே இருக்கட்டும்.