பீர் ரொட்டியும் உங்கள் மேல் நான் போட்ட பழியும்

என்றைக்கும் என்னவரான உங்களுக்கு,

பெயரைச் சொல்லி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உயிரோடு இருந்த காலமெல்லாம் 'ஏங்க' என்று கூப்பிட்டே பழகிவிட்டது. இப்போது மட்டும் எங்கிருந்து வரும் அந்தப் பெயர்? உங்கள் இரண்டாம் வருஷத் திதி வருகிறது. பேப்பரில் படத்தைப் போட்டு அதன் கீழே நாலு வரி போடுவார்கள் இல்லையா, எனக்கு நாலு வரி காணாது. அழகான வரிகளாக எழுதிப் போடுகிற யோக்கியதையும் இந்த வருஷம் எனக்கு இல்லை.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் சுகன்யா உண்டாகியிருக்கிறாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி ஒரு குறையுமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆவுடையார்கோவிலிலிருந்து பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

உங்கள் ஓவனும் அணையவில்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்ததும் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டீர்களே, அதில் பன்னும் ரொட்டியும் இன்னும் வேகின்றன. 'பொம்பளை போடுற ரொட்டி எப்படி இருக்குமோ' என்று ஆரம்பத்தில் இழுத்த டீக்கடைக்காரர்களே இப்போது காலையில் ஆள் அனுப்பி வாங்கிப் போகிறார்கள். திருமயத்தில் நான் தலை நிமிர்ந்துதான் நடந்துகொண்டிருந்தேன். அந்தத் தலை எப்படிக் குனிந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். அங்கே சமையல் பார்க்கும் ஜோசப் ஒரு நாள் நம் கொட்டகைக்கு வந்தார்.

"அக்கா, வெள்ளைக்காரங்க கேக்குறாங்க. பீர் ஊத்திப் பிசையிற ரொட்டி, ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? எங்க வீட்டுக்காரர் மஸ்கட் ஓட்டல்ல வாரா வாரம் போட்டவருல்ல" என்றேன். அந்தப் பெருமையில் வாய் முந்திக்கொண்டது. ஒரு தடவை செய்து காட்டுங்கள், நன்றாக இருந்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணால் பார்த்ததில்லையே தவிர, நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். பாட்டிலைத் திறந்ததும் ஊற்றக் கூடாது, நுரை அடங்கட்டும். ஜில்லென்றும் இருக்கக் கூடாது, வெதுவெதுப்பாக இருந்தால்தான் ஈஸ்ட் முழிக்கும். மேல்தோல் கருப்பட்டி நிறத்துக்கு வந்ததும் எடுத்து அடியில் தட்டிப் பார்க்க வேண்டும். 'கையெல்லாம் பீர் வாசம் அடிக்கும் பஞ்சு, ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல' என்று சொல்லிச் சிரிப்பீர்கள். இங்கேயும் ஒரு தடவை போடுங்களேன் என்று கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? 'நான் பீர் பாட்டிலோட நடந்தா ரொட்டிக்குன்னு எவன் நம்புவான்? எங்கப்பன் வாங்கிக் குடுத்த பேரு போதும்டி.'

மாமா குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்ததும், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குடிகாரன் மகன் என்ற பேச்சைத் துடைப்பதற்காகவே கல்யாண வீட்டில்கூடக் குடிக்கிற கூட்டத்தின் பக்கம் போகமாட்டீர்கள். அப்படிக் காப்பாற்றிய பெயர் அது.

திருமயத்தில் வாங்கினால் ஊர் பார்க்கும் என்று புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போனேன். ஒயின்ஷாப் வாசலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். "ஆத்தா, நீங்க முன்னால போங்க" என்றார் ஒருவர். கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மரியாதைதான் உடம்பைக் கூச வைத்தது.

"வீட்டுல யாருக்கு ஆத்தா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"ரொட்டிக்கு."

"தொட்டுக்க ரொட்டியா? நல்லாருக்கும் நல்லாருக்கும்!" எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பாட்டிலை ஒயர்கூடையில் வைத்து மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி வீடு வந்து சேர்ந்தேன். ஸ்பீட் பிரேக்கரில் பஸ் குலுங்கியபோதெல்லாம் பாட்டில்கள் இடித்துக்கொண்ட சத்தம் பஸ்ஸுக்கே கேட்ட மாதிரி இருந்தது.

முதல் மாவைக் கெடுத்தேன். வெதுவெதுப்பாக்குகிறேன் என்று பீரை அடுப்பில் வைத்துச் சுட வைத்துவிட்டேன். ஈஸ்ட் செத்துப்போய், மாவு சட்டியின் அடியில் களி மாதிரிக் கிடந்தது. மறுநாள் காலையில் இரண்டாவது பாட்டிலைத் திறந்து, வெயில் படும் ஜன்னலில் வைத்துப் பதமாக்கிப் பிசைந்தேன். நம் ஊர் வெக்கைக்கு மாவு மேலே மூடியிருந்த வெள்ளைத்துணியைத் தள்ளிக்கொண்டு எழும்பியது. பழைய சோற்றுத் தண்ணீரும் லேசாகப் புளித்த தோசை மாவும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அமுக்கி, உருட்டி, திரும்ப எழும்பவிட்டு ஓவனில் வைத்தேன். உங்களிடம் காட்ட வேண்டும் என்று ஒரு துடிப்பு. அந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மா வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார்.

வளைகாப்புக்கு நாள் பார்த்ததைச் சொல்ல வந்திருந்தார். தண்ணீர் குடிக்க நேராக அடுப்படிக்கே வந்துவிட்டார். மாவு டின்னுக்குப் பக்கத்தில் காலி பாட்டில்கள் இரண்டும் நின்றன.

"இதென்ன சம்பந்தி?"

ரொட்டிக்கு வாங்கினேன் என்று ஒரு வார்த்தை. ரொட்டி கொட்டகையில் வெந்துகொண்டுதான் இருந்தது, கூட்டிப் போய்க் காட்டியிருக்கலாம். ஆனால் வாங்கினேன் என்றால் எங்கே, எப்படி என்று வருமே. அந்த வரிசையில் நின்றேன் என்று சொல்ல நா எழவில்லை.

"அது... அவுக வச்சிருந்தது. மூலையில கெடந்துச்சு. இப்பத்தான் ஊத்திக் கழுவிப் போடலாம்னு எடுத்தேன்."

சம்பந்தியம்மா கையில் சொம்போடு அப்படியே நின்றார். "அண்ணனா? அண்ணன் குடிப்பாரா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அது போதுமானதாக இருந்தது.

"அய்யோ, வெளிய தெரியாம நீங்க எம்புட்டுப் பட்டீங்களோ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகையை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். நானும் அவரை எடுத்துக்கொள்ள விட்டேன். உங்கள் பேரில் வந்த அந்த அனுதாபத்தை நான் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது உங்கள் படம் இருக்கும் பக்கம் திரும்ப முடியவில்லை.

அன்றைக்கு ரொட்டி நன்றாகத்தான் வந்தது. ஜோசப் வாங்கிப் போனார். நான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

கொஞ்ச நாளில் சுகன்யா போன் பண்ணினாள். "அம்மா, அப்பா குடிப்பாங்களா?"

"யாரு சொன்னா?"

"அத்தை சொன்னாங்க. நீங்கதான் சொன்னீங்களாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "விடு தாயி, போனவுகளப் பத்தி இப்ப எதுக்கு" என்றேன். அவள் கேட்டாள்: "அதான் லீவுல வந்தா பகலெல்லாம் கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குனாங்களா?"

ரொட்டி போடுகிறவனுக்கு அங்கே ராத்திரிதான் வேலை, அந்த உடம்புக்குப் பகலில்தான் தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் தூங்கும்போது நான்தானே அவளைச் சத்தம் போடாதே என்று அதட்டுவேன்? அவள் உங்களை ஒவ்வொரு நினைப்பாக எடுத்துக் கறைப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வளைகாப்பு ஆவுடையார்கோவிலில் அவர்கள் வீட்டில். நான் முன்னால் போய் வளையல் போடக் கூடாதே, உள்ளறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே பிள்ளையைப் பார்க்க முடிந்தது. கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். சம்பந்தியம்மாவின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான், ஆறுதலாகத்தான் பேசினார்.

"குடிகாரனுக்கு வாக்கப்பட்டும் பொண்ண எவ்வளவு நல்லா வளத்திருக்கீங்க! பெரிய மனசும்மா ஒங்களுக்கு. அவரோட அப்பாவும் அப்படித்தானாமே? ரத்தத்துல வர்றது, என்ன செய்ய. பொறக்கறது பேரனா இருந்தா சூதானமா வளக்கச் சொல்லணும்."

பிறக்காத பிள்ளை வரைக்கும் போய்விட்டது என் பொய். நான் எழுந்து நின்றேன். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை.

"அவுக குடிக்கல" என்றேன். குரல் உடைந்து பெரிதாக வந்துவிட்டது. வளையல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு சொட்டு குடிச்சதில்ல. அந்தப் பாட்டில் ரெண்டும் நான் வாங்குனது."

"நீங்களா!" என்று யாரோ வாயில் கை வைத்தார்கள்.

"குடிக்க இல்ல. ரொட்டிக்கு. மாவு பிசைய. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு செத்தவுக மேல பழியப் போட்டேன்."

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். பொய் சொன்னபோது நம்பியவர்கள் உண்மை சொன்னபோது நம்பவில்லை. ரொட்டிக்கு என்றால் எவன் நம்புவான் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் சுகன்யா நம்பினாள். சந்தனத்தின் மேலேயே கண்ணீர் வழிந்ததை அங்கிருந்து பார்த்தேன்.

சம்பந்தியம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "அன்னக்கே சொல்லியிருந்தா நானும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன் சம்பந்தி. நீங்க சொன்னத நம்பி நானும் பத்துப் பேருகிட்ட சொன்னேனே. என்னையும் பொய்க்காரியா ஆக்கிட்டீங்களே."

அன்று சாயங்காலம் பிள்ளையைக் காரில் கூட்டி வந்தேன். அறந்தாங்கியில் டீ குடிக்க நிறுத்தினோம், அவள் இறங்கவில்லை. வீடு வருகிற நேரத்தில் சொன்னாள்.

"இத்தன நாளா எங்கப்பாவ நான் சந்தேகப்பட்டேன்மா. அதுக்கு நான் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்குறது?"

அவளுக்காக நான் கேட்கிறேன். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அத்தனையும் என்னுடையது. எனக்காகக் கேட்கத் தைரியம் வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சிரித்திருப்பீர்களா? இல்லை, பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பீர்களா? இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லையே.

வந்த நாலைந்து நாளும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னாள். போன வாரம் அவளே சொன்னாள், "அந்த ரொட்டியப் போடுங்க, பாக்கணும்" என்று. இந்தத் தடவை புதுக்கோட்டைக்குப் போகவில்லை. நம் ஊர்க் கடைக்கே பகலில் போனேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். சுகன்யா கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஊற்றுவதையும் பிசைவதையும் உருட்டுவதையும் பார்த்தாள். ரொட்டி வெந்ததும் எடுத்து அடியில் தட்டினேன், டொப் டொப்பென்று சத்தம் கேட்டது.

பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் தின்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கையில் வாங்கி முகர்ந்து மட்டும் பார்த்தாள். அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அப்பா ஊருக்கு வந்ததும் பெட்டியத் தொறப்பாங்கல்ல. அந்தச் சட்டையில இந்த வாசம்தான் இருக்கும்."

நான் அந்தச் சட்டைகளை வருஷா வருஷம் துவைத்தவள். எனக்கு அது நினைவில்லை. அவளுக்கு இருக்கிறது. அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று போனேன். தள்ளவும் இல்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

சம்பந்தியம்மா போன் பண்ணினால் பிள்ளைத்தாச்சியைப் பற்றி மட்டும் விசாரிக்கிறார். அது நியாயம்தான். யார் யாரிடம் சொன்னார் என்று கேட்டு வைத்திருக்கிறேன். பிரசவம் முடிந்ததும் அவரோடு போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, நான் சொன்னது பொய் என்று சொல்வேன். சிரித்தால் சிரிக்கட்டும், நான்தான் குடிக்கிறேன் என்று நினைத்தாலும் நினைக்கட்டும். நாளைக்குப் பேரனோ பேத்தியோ வளர்ந்து தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டால், நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதையும், அதற்கு நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்தே சொல்வேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வரியைக்கூட விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

தலை குனிந்தபடி,
உங்கள் மனைவி, சுகன்யாவின் அம்மா,
பஞ்சவர்ணம்