செத்துப்போன அம்மாவுக்கு

நியூயார்க், மார்ச் 1977

அன்புள்ள அம்மாவுக்கு வெர்னா வணக்கத்துடன் எழுதுவது.

நம்மூர் அக்ரனில் பனி விட்டதா? அப்பாவின் இருமல் தேவலையா? நான் நலம். தம்பி டியூயியும் நலம், நெற்றியில் நான்கு தையல் தவிர.

பதறாதீர்கள், தையலுக்குக் காரணம் நான்தான். நானும் அவனும் நம் வீட்டுக் கராஜில் ஆரம்பித்த பங்க் இசைக்குழுவின் வரலாற்றை, ரசிகர்கள் ஜெராக்ஸ் எடுத்து விற்கும் சின்னப் பத்திரிகை ஒன்று இங்கே கேட்டது. உங்கள் செல்லப்பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? நீங்களும் அப்பாவும் டயர் தொழிற்சாலைத் தீயில் செத்துவிட்டீர்களாம், நாங்கள் அநாதை விடுதியில் வளர்ந்தோமாம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் வாசிக்கும் கிளப் மேடையில், இரண்டு பாட்டுக்கு நடுவே, ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அநாதைன்னாதான்க்கா மதிப்பாங்க. அம்மா கராஜுக்கு சாண்ட்விச் கொண்டாந்தாங்கன்னு சொன்னா எவன் கேப்பான்?"

கிதாரைத் திருப்பி மண்டையில் போட்டேன். ரத்தம் வழிந்தது. கூட்டமோ அதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து, "இன்னொண்ணு போடு!" என்று கத்தியது. இனி வாராவாரம் அடிக்கச் சொல்கிறார் கிளப் முதலாளி. எனக்கு ஆட்சேபணை இல்லை.

அறையில் ஹீட்டர் இல்லை. அப்பாவின் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி அனுப்புங்கள். நீங்கள் இருவரும் நிற்கும் புதிய புகைப்படமும் வேண்டும், தேதியோடு. கிளப் சுவரில் ஒட்டப்போகிறேன்.

இதை எழுதும்போது அவன் பின்னால் வந்து நிற்கிறான்.

"போன லெட்டர்ல அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாங்களாக்கா?"

"செத்தவங்க எப்படிடா கேப்பாங்க?"

அழுகிறான். அழட்டும்.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். சாக்ஸ் இரண்டு ஜோடியாக அனுப்புங்கள்.

வெர்னா