நீ முறுக்கிய பின்சக்கர நட்டு

என் பிரியமுள்ள காதர் மச்சானுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் மகள் மைமூன் புதுக்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் சேர்ந்துவிட்டாள். நடுவில் நீ பதறக் கூடாது என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் சேர்வதற்கு முந்தின நாள் நாங்கள் பட்ட பாட்டுக்கு நீதான் காரணம். அதைச் சொல்லி உன்னைத் திட்டத்தான் இந்தக் கடிதம்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் நாம் சேர்ந்து வாங்கிய அதே வாடகைக் கார்தான் இன்னும் ஓடுகிறது. அதன் இடது பின்சக்கரம் கொஞ்ச நாளாக ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது என்று பொன்னமராவதி ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். அப்படியே ஓட்டினால் சக்கரம் வழியிலேயே இறுகி நின்றுவிடும். புது பேரிங் வாங்கி வைத்துவிட்டேன். அதைப் போட வேண்டுமானால் அச்சு நுனியில் இருக்கிற பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். அதைக் கடைசியாக முறுக்கியது யார்?

நீதான். மத்தியானம் நெய்ச்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, ஸ்பேனரில் மாட்டிய இரும்புக் குழாயின் மேல் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு “பிஸ்மில்லா” என்று மொத்த உடம்பையும் இறக்கினாயே, அந்த இறுக்கம். முறுக்குவதும் உன் எடை, கழற்றுவதும் உன் எடை என்றே நம் காலம் ஓடியது. நான் ஏறினால் ஆள் ஏறியிருப்பதே குழாய்க்குத் தெரியாது. கழற்ற நீ இருக்கமாட்டாய் என்று அன்றைக்கு யார் கண்டது? கொஞ்சம் பார்த்து முறுக்கியிருக்கலாம் அல்லவா?

நீ என்னை மச்சான் என்று கூப்பிட்ட நாளிலிருந்து என்னை அண்ணனாக்கிக்கொண்டவள் உன் ராபியா. ஆனாலும் இந்த விஷயத்தில் கறாராகச் சொல்லிவிட்டாள். “நம்ம வண்டியில நீங்க கூட்டிட்டுப் போனா அனுப்புறேண்ணே. பஸ்சுலயும் வேத்து ஆள் வண்டியிலயும் பொம்பளப்புள்ளய அனுப்ப மாட்டேன்.”

மறுநாள் காலை போய்ச் சேராவிட்டால் மைமூனின் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். வண்டி சரியாகாமல் போனாலும் தேவலை என்று ராபியாவுக்கு உள்ளூர இருந்திருக்கும். நீ இல்லாத வீட்டில் மகளும் இல்லாமல் எப்படி இருப்பது? அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் வீட்டுக் கொல்லையில் வண்டியை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். சுற்றிலும் சுத்தியலால் தட்டினேன். ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் வந்து குழாய்மேல் ஏறிப் பார்த்தார்கள். நட்டு அசையவில்லை. சந்தை நாளாயிற்றே, சவாரியை விட்டுவிட்டு எத்தனை நேரம் நிற்பார்கள்? போய்விட்டார்கள். உன்மேல் வந்த கோபத்தில் சக்கரத்தை ஓர் உதை விட்டேன். என் கால்தான் வீங்கியது.

பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மைமூன் இறங்கி வந்தாள். “தள்ளுங்க மாமா, நான் ஏறுறேன்” என்றாள். உன் உடம்புவாகு அப்படியே அவளுக்கு, கோபித்துக்கொள்ளாதே. ஸ்பேனர் நழுவாமல் நான் நட்டோடு சேர்த்து அழுத்திக்கொள்ள, அவள் ஏறினாள். குழாய் முனகியதோடு சரி. ஆனால் அவள் இறங்கவில்லை. கண்ணில் நீர் முட்ட, அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ராபியா வெளியே வந்தாள். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துச் செருகினாள்.

“ஒங்க அத்தா எந்த எடத்துல நிப்பாக?”

“இந்த நுனியிலம்மா.”

“அங்கிட்டு நகரு” என்று மகளின் தோளைப் பிடித்து ஏறினாள். “பிஸ்மில்லா” என்றாள். டக்கென்று ஒரு சத்தம். குழாய் கீழே போயிற்று, இருவரும் தடுமாறி மண்ணில் நின்றார்கள். நட்டு கழன்றுவிட்டது.

நியாயமாக நான் சிரித்திருக்க வேண்டும். அழுதுவிட்டேன் மச்சான். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆன பிறகும் உன் பலம் அதற்குள் இருந்திருக்கிறது. அது போயிற்றே என்றா, பிள்ளைக்கு வழி கிடைத்ததே என்றா, எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியவில்லை. இருட்டுவதற்குள் புது பேரிங்கைப் போட்டு, கிரீஸ் வைத்து மாட்டிவிட்டேன். முறுக்கும்போதும் அவர்கள் இருவரும்தான் ஏறினார்கள்.

மறுநாள் வண்டி சத்தமே இல்லாமல் போயிற்று. மைமூனைச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பின்சீட்டில் ராபியா மட்டும் இருந்தாள். பாதி வழி வரை அழுதாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“அண்ணே, அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் ஒங்க மச்சான்தானே முறுக்குனாக?”

“ஆமாம்மா.”

“அதக் கழட்டுறப்ப என்னயக் கூப்புடுங்க. நான் வாரேன்.”

அந்தச் சக்கரம் இப்போதைக்கு நன்றாகத்தான் ஓடுகிறது. தானாகச் சத்தம் போடும் வரை அதைத் தொடமாட்டேன், உன் இறுக்கம் அங்கேயே இருக்கட்டும். சத்தம் போட்டுவிட்டால் ராபியாவைக் கூப்பிடாமல் ஸ்பேனரை மாட்டமாட்டேன். இது சத்தியம்.

என்றைக்கும் உன் மச்சான்,
சின்னையா