காரணம் எழுதும் கட்டம்

பிப்ரவரி 3, செவ்வாய்

சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஒரே அறை, ஒரே கரும்பலகை, ஒரே நான். மிச்சத் துண்டுகளை நகத்தால் பிடித்து எழுதினேன்.

பள்ளியில் மொத்தம் முப்பத்து நான்கு பேர். இருபத்து மூன்று பேர் ஊர்ப் பிள்ளைகள். பதினொரு பேர் செங்கல் சூளைக் கூலிகளின் பிள்ளைகள். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் எங்கேயோ.

நாளை மறுநாள் கல்வி அலுவலகத்தின் வாசிப்பு, கணக்குத் தேர்வு. போன வருடம் வட்டாரத்தின் இருபத்திரண்டு பள்ளிகளில் நாங்கள் கடைசி. சாயங்காலம் பெரிய டீச்சர் (தலைமையாசிரியையை எல்லோரும் கூப்பிடுவது அப்படித்தான்) ஒரு துண்டுத்தாளை என் மேஜையில் வைத்தார். மாதிரித் தேர்வின் சராசரி. சூளைப் பிள்ளைகளோடு: 48. அவர்கள் இல்லாமல்: 62.

"நீ சூளை வழியாத்தானே வீட்டுக்குப் போற?" என்றார். அவ்வளவுதான். மீதியை நானே புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டேன். அதுதான் கேவலம்.

பிப்ரவரி 4

இந்த ஊர் வீடுகளில் பாதி சூளைக் கூலிகள் அறுத்த கல்லில் நிற்கிறது. பள்ளிச் சுவரும்தான். இதையெல்லாம் பெரிய டீச்சரிடம் கேட்க வேண்டுமென்று நாள் முழுக்க மனசுக்குள் பேசிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சூளையில் இறங்கி, பிள்ளைகளிடம் "நாளைக்கு உங்களுக்கு லீவு" என்றேன். குதித்தார்கள். இரண்டு பேர் செருப்பைக் கழற்றி மேலே வீசினார்கள். சில்லு மட்டும் குதிக்கவில்லை. நான்காம் வகுப்பு, செங்கல் சில்லு மாதிரிச் சின்னதாக இருப்பதால் அந்தப் பெயர். என் வகுப்பிலேயே திக்காமல் வாசிப்பவள் அவள்.

"எங்களுக்கு மட்டுமா டீச்சர்?"

"ஆமா. நீங்க தூரத்துல இருந்து வர்றீங்கல்ல."

தினமும்தான் வருகிறார்கள்.

பிப்ரவரி 5

தேர்வு முடிந்தது. அலுவலகத்து எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி, வராதவர்களுக்கு நேரே காரணம் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறதே என்றார். பெரிய டீச்சர் பேனாவை என்னிடம் நீட்டினார். முதல் பெயருக்கு நேரே 'காய்ச்சல்' என்று எழுதினேன். கீழே பத்துப் பெயர்களுக்கும் மேற்படிக் குறி. பத்துப் பிள்ளைகள், இருபது கோடு.

பிப்ரவரி 16

சராசரி 64. ஆறாவது இடம். பள்ளி முழுக்க மிட்டாய். சூளைப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். "எந்தப் பரீட்சை டீச்சர்?" என்றாள் சில்லு. மிட்டாயைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தேன்.

அம்மா போனில் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். "மேடையெல்லாம் ஏத்தினாங்களா? என்ன சேலை கட்டினே?"

பிப்ரவரி 19

ஒரே இடத்தில் ஒரே நாளில் பதினொரு பேருக்குக் காய்ச்சல் என்றால் அது சுகாதார நிலையத்துக்கும் போகும் என்று எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. இரண்டு வாத்திச்சிகள்!

நர்ஸ் வந்தார். சூளைத் தண்ணீரைச் சீசாவில் பிடித்தார். யாருக்கும் காய்ச்சலே வரவில்லை என்று தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். நேராகப் பள்ளிக்கு வந்து, யார் எழுதியது என்றார். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார்.

"வீட்ல அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? யோசிக்கவே இல்லை. நாக்கு தானாக அவர்கள் பக்கம் திரும்பியது. வாயில்லாதவர்கள் தலையில் போட்டால் திருப்பிப் போட மாட்டார்கள் என்று என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பச் சூளைக்குப் போய், நோயை மறைக்கிறீர்களா என்று அவர்களைத் திட்டிவிட்டுத்தான் நர்ஸ் வண்டி ஏறினாராம்.

பிப்ரவரி 23

ஊர்க் கடைக்காரர் இன்னும் நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சூளைப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்க வேண்டும், தண்ணீர்க் குடமும் தனி. கேட்டது காய்ச்சலுக்குப் பயந்தா, ரொம்ப நாளாகவே மனசில் இருந்ததா? அவர்கள் வாய்க்கு நான் காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"ரெண்டு நாளைக்குத்தானே" என்றார் பெரிய டீச்சர். வராந்தாவுக்குப் பாயை இழுத்துப் போட்டது நான்.

சில்லு பாயில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்தர் நெற்றியையும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "யாருக்கும் சூடு இல்ல டீச்சர். எனக்கும் இல்ல. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். குளிர்ந்திருந்தது. "சரி, போய் உக்காரு" என்றேன்.

பிப்ரவரி 25

சூளையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.

போகும் வழியில் சில்லுவின் அம்மா நின்றிருந்தாள். முழங்கை வரை சேறு. "காய்ச்சல்னு நாங்க சொன்னோமாமே டீச்சர். எப்ப சொன்னோம்?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டுத் தப்பித்திருப்பேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. என் பொண்ணுக்குத் தெரியும். அந்த நோட்டை அவகிட்ட காட்டுவீங்களா?"

பிப்ரவரி 26

பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். செங்கல் அடுக்கின் மேல் வைத்து விரித்தேன். சில்லு விரலை வைத்து வாசித்தாள். "காய்ச்சல்." விரல் கீழே இறங்கியது. "இது என்ன குறி டீச்சர்?"

"மேல இருக்கறதேதான்னு அர்த்தம்."

"அப்ப எல்லாருக்கும் காய்ச்சலா?"

"யாருக்கும் இல்ல. நான் பொய் எழுதினேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த 48-ஐயும் 62-ஐயும் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

அவள் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். "இதை இங்க சொல்லி என்ன பண்றது? அங்க சொல்லுங்க."

மார்ச் 2, திங்கள்

சொன்னேன். பள்ளி வாசலில், கடைக்காரர், மற்ற பெற்றோர், பெரிய டீச்சர் எல்லோர் முன்னாலும். கல்வி அலுவலகத்துக்கும் கடிதம் போட்டாயிற்று.

பொய் எழுதியதற்கு யாரும் கோபப்படவில்லை. "அப்ப ஆறாவது இடம் போயிடுமா?" இதுதான் கடைக்காரர் கேட்டது. பெரிய டீச்சர் பிறகு தனியாக, "நோட்டுல இருக்கறது உன் கையெழுத்து, என்னுது இல்ல. ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். உண்மைதான். என் கையெழுத்துதான்.

பாயை உள்ளே எடுத்துப் போட்டேன். உட்கார ஆள் இல்லை.

மார்ச் 5

ஏழு பேர் வந்தார்கள். சில்லு வரவில்லை.

மார்ச் 6

சூளை மேஸ்திரி நாலு குடும்பத்தை ராத்திரியோடு ராத்திரியாக வேறு சூளைக்கு ஏற்றிவிட்டாராம். எந்தச் சூளை? இங்கிருப்பவர்களுக்குத் தெரியவில்லை. மேஸ்திரியிடம் போய் நாங்கள் யாரும் கேட்கவில்லை. சில்லு வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த பள்ளிக் கதைப்புத்தகம் என் மேஜையில் கிடக்கிறது. திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எப்போது வந்து வைத்தாள்?

மார்ச் 17

மறுதேர்வு. சராசரி எப்படியும் 51-ஐத் தாண்டாது. எனக்கு விளக்கம் கேட்டு அலுவலகக் கடிதம் வந்திருக்கிறது. நாளை பதில் எழுத வேண்டும்.

வாசிப்புக்குக் கொடுத்த பத்தி சுலபமானது. சில்லு ஒரே மூச்சில் வாசித்திருப்பாள்.

அதே எழுத்தர். பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். வராதவர்கள் நான்கு பேர். மூன்றாவது அவள் பெயர். "ஒண்ணுக்கு எழுதிட்டு மத்ததுக்கு மேற்படின்னு போட்டுடுங்க மேடம், நேரமாச்சு" என்றார்.

'வேறு சூளைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். எங்கே என்று பள்ளி விசாரிக்கவில்லை.' கட்டம் சின்னது. எழுத்து வெளியே வழிந்தது. நான்கு முறையும் முழுதாக எழுதினேன்.